விளையாட்டுச் செங்கற் கோபுரம்

திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடையே பெருமுக்கல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. சமவெளியாகப் பரந்து கிடக்கும் அந்நிலப்பகுதியில் ஒரு கற்குன்று தன்னந்தனியே எழுந்து நிற்கின்றது. அதன் உச்சியில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளையுடைய சிவன் கோயில் ஒன்று உண்டு. குன்றின் பாறைகளில், எழுத்துத் தோன்றுவதற்கு முன் வாழ்ந்த மக்கள் கீறிவைத்த உருவங்களும் காணப்படுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐதர் அலியும் ஒருவரோடொருவர் பொருத காலத்தில் இக்குன்று கோட்டையாகவும் விளங்கிற்று. குன்றிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைக் காண்பர்.

உப்பளத்துப் பாத்திகளில் தேக்கிய உவர்நீர் வெயிலிற் சுண்டச் சுண்ட, அடியில் உப்புப் பரல் பரலாக உறைகின்றது. அப்பரல்களுள் நன்கு விளைந்த ஒன்றை எடுத்து உருப்பெருக்குக் கண்ணாடியின் வழியே நோக்கினால், அது தட்டையான முகங்களையும் செவ்விய மூலைகளையும் உடைய சிறு கட்டியாய் இருத்தல் புலனாகும். அதனை உடைத்தாலோ, உடைந்த துண்டுகளும் பெரும்பாலும் அவ்வடிவினவாகவே இருக்கும். உளிகொண்டு அவ்வடிவை அமைத்தவர் ஒருவருமிலர். சோடியம், குளோரின் என்னும் இரு பொருள்களின் நுண்ணணுக்கள் மின்னேற்றம் பெற்று, ஒன்றுவிட்டு ஒன்றாக, முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒரே இடைவெளியில் வரிசையாக அடுக்கப்பெற்றமையே அதற்குக் காரணமாகும். எண்ணற்ற அடுக்குகளிலும் இடைவெளி மாறாமையால் பரலின் முகம் மட்டமாக அமைகின்றது.

குன்றின்மேலுள்ள கோயில் இதற்கு முற்றிலும் வேறானது. கற்கோயிலில் ஒவ்வொரு கல்லும் தனக்கென்று குறித்த ஓரிடத்திற்காகவே வெட்டப்படுகின்றது. தூணின் கல் உத்தரத்திற்கு ஆகாது; வாயிற்படியின் கல் விமானத்திற்கு ஆகாது. சிற்பியின் கண்ணும் உளியுமே அளவைத் தருவன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது செங்கல். அது மனிதன் செய்வது, ஆயினும் உப்பணுவைப்போல ஒன்றுக்கொன்று ஒத்தது, எவ்விடத்தும் வைக்கத்தக்கது. தமிழ்நாட்டிற் பழங்காலத்தில் செங்கல்லாற் கட்டப்பட்ட கோயில்கள் பலவாயிருந்தன. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அவற்றுள் பலவற்றைக் கருங்கற் கோயில்களாக மாற்றியமைத்தார். கல் நிலைத்து நிற்பது என்பது உண்மையே. எனினும், பழகிய கையர் எவரும் எடுத்து அடுக்கத்தக்கது என்னும் பெருமை செங்கல்லுக்கே உரியது.

இச்செங்கல்லைக் குழந்தைகளின் கைக்கு ஏற்ற பொருளாக ஆக்கியவர்கள் டென்மார்க்கு நாட்டினர். அந்நாட்டில் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் ஒருவர் வாழ்ந்தார். உலகெங்கும் வணிகம் நலிவுற்ற காலத்தில் அவருக்கு வீடு கட்டும் வேலையும் குறைந்துபோயிற்று. 1932ஆம் ஆண்டில் அவர் மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்னும் பொருளுடைய இரண்டு டேனியச் சொற்களின் முதற்பகுதிகளைச் சேர்த்து ‘லெகோ’ எனத் தம் தொழிலுக்குப் பெயரிட்டார். 1942ஆம் ஆண்டில் அவரது தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அவர் மனந்தளராது அதனை மீண்டும் கட்டினார். 1949ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் அதற்கு முன்பே வெளிவந்திருந்த ஒரு விளையாட்டுப் பொருளைப் பின்பற்றிப் பிளாஸ்டிக்காற் செய்த சிறு செங்கற்கள் அங்கிருந்து விற்பனைக்கு வந்தன.

அக்கற்களில் ஒரு குறை இருந்தது. மேற்புறத்தில் குமிழ்கள் இருந்தன. அடிப்புறமோ வெறும் பொள்ளலாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அவற்றை அடுக்கலாம். ஆனால் அடுக்கியதைத் தூக்கினால் கற்கள் கழன்று விழும். குழந்தை கட்டிய வீடு அக்குழந்தை கைதட்டி முடிப்பதற்குள் சரிந்துவிடுவதுண்டு. ஓலே கிர்க்கின் மைந்தர் காட்ஃபிரெடு இக்குறைக்குத் தீர்வு கண்டார். கல்லின் அடிப்புறத்தே உள்ளீடற்ற குழல்களை அமைத்தார். கீழ்க்கல்லின் குமிழ்கள் மேற்கல்லின் குழல்களுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கமாக நுழையும். நுழையும்போது பிளாஸ்டிக்குச் சிறிதே விரிந்து கொடுக்கும். விரிந்த பொருள் மீண்டும் தன் நிலைக்கு வர முயலுமாதலால் குமிழைப் பற்றிக்கொள்ளும். பசையும் வேண்டா, ஆணியும் வேண்டா. இப்புதுமைக்கான காப்புரிமையை அவர் 1958ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் கோரினார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். அவ்வாண்டிற் செய்த கல்லும் இன்று செய்யப்படும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பாட்டன் விளையாடிய கல்லின்மேல் பெயரன் தன் கல்லைப் பொருத்தலாம்.

இப்பொருத்தம் எளிதிற் கிடைத்ததன்று. இரண்டு வரிசைகளில் எட்டுக் குமிழ்களையுடைய கல்லே யாவரும் நன்கறிந்தது. அதன் நீளம் 31.8 மில்லிமீட்டர், அகலம் 15.8 மில்லிமீட்டர், குமிழை நீக்கிய உயரம் 9.6 மில்லிமீட்டர். குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர். கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காகிய 3.2 மில்லிமீட்டர் உயரமுள்ள தட்டைக் கற்களும் உண்டு. தட்டைக் கற்கள் ஐந்தினை அடுக்கினால் 16 மில்லிமீட்டர் ஆகும். இரண்டு குமிழ் இடைவெளிகளும் 16 மில்லிமீட்டரே ஆகும். ஆதலால் கற்களை நிமிர்த்து வைப்பதோடு நில்லாது பக்கவாட்டிற் சாய்த்துப் பொருத்தவும் இயலுகின்றது. கற்களை வார்க்கும் அச்சுகளில், ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் ஒரு கூறு அளவுக்கு நுட்பம் பேணப்படுகின்றது. அளவு சிறிது மிகுந்தால் கற்கள் பொருந்தா. சிறிது குறைந்தால் பிடிப்பிரா.

எட்டுக் குமிழ்க் கற்கள் ஆறு மட்டுமே ஒருவரிடம் இருப்பதாகக் கொள்வோம். ஆறும் ஒரே நிறத்தன. அவற்றை எத்தனை வகையாக இணைக்கலாம்? டென்மார்க்கு நாட்டுக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணைகொண்டு எண்ணிப் பார்த்து, 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 வகை என்று கண்டார். ஆறு கற்களுக்கே இவ்வளவு வழிகள் உண்டென்றால், நான்கு லட்சம் கற்களைக் கொண்டு ஒரு குறித்த வடிவத்தையே கட்ட முயல்வோர் எத்தனை தவறான வழிகளைத் தவிர்த்துச் செல்ல வேண்டும் என்பது எண்ணத்தக்கது.

அவ்வாறு கட்டப்பெற்ற உருவம் ஒன்று துபாய் நகரில் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து பொருளீட்டச் சென்றவர்கள் பல்லாயிரவர் வாழும் நகரம் அது. அங்கே 2010ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் திறக்கப்பெற்ற புர்ஜ் கலீபா என்னும் கோபுரம் 828 மீட்டர் உயரமுடையது. மனிதர் எழுப்பிய கட்டடங்களுள் அதனினும் உயர்ந்தது இல்லை. ‘புர்ஜ்’ என்னும் அரபுச் சொல்லுக்குக் கோபுரம் என்பதே பொருள். 2016ஆம் ஆண்டில் அந்நகரில் லெகோலாந்து என்னும் பொழுதுபோக்குப் பூங்கா தொடங்கப்பெற்றது. அப்பூங்காவினுள் குளிரூட்டப்பெற்ற கூடத்தில், புகழ்பெற்ற கட்டடங்களின் சிற்றுருவங்களோடு இக்கோபுரத்தின் உருவமும் நிற்கின்றது. அதன் உயரம் 17 மீட்டர். அதற்குச் செலவான கற்கள் 4,39,000. உழைப்போ 5,000 மணி நேரம்.

இவ்வெண்களைச் சிறிது வகுத்துப் பார்த்தல் நன்று. ஒரு மணிக்கு ஏறத்தாழ 88 கற்கள். நிமிடத்திற்கு ஒன்றரைக் கல். ஒரு சிறுவன் இதனினும் விரைவாக அடுக்குவான். அடுக்குதல் மட்டுமே வேலையாயின் இத்துணை நேரம் செல்லாது. அளந்தும், வரைந்தும், பொருத்திப் பார்த்தும், பொருந்தாததைப் பிரித்தும் செய்யும் வேலைகளே பெரும்பகுதி நேரத்தைக் கொள்கின்றன.

முதலாவது செய்ய வேண்டுவது அளவுவீதத்தைத் துணிதல். 828 மீட்டர் 17 மீட்டர் ஆகின்றது என்றால், உண்மைக் கோபுரத்தின் நீளத்தில் ஏறத்தாழ 49 பங்கு உருவத்தில் ஒரு பங்காகின்றது. ஆறடிக்குச் சற்றுக் குறைந்த மனிதர் ஒருவர் அவ்வளவில் மூன்றரைச் சென்டிமீட்டர் உயரமே இருப்பார். ஒரு செங்கல்லின் உயரம் உண்மைக் கோபுரத்தில் ஏறத்தாழ 47 சென்டிமீட்டரைக் குறிக்கும். இதனால் விளைவது யாது? உண்மைக் கோபுரத்தில் ஒரு முழத்தினும் சிறிய எதனையும் கல்லின் உயரத்தாற் காட்ட இயலாது. சன்னற் சட்டம், கைப்பிடிச் சுவர், குழாய், விளக்கு ஆகியவை எல்லாம் மறைந்துவிடுகின்றன. எவற்றை விடுவது, விட்டபின்னும் காண்போர் இஃது அக்கோபுரமே என்று கண்டுகொள்ளும் வண்ணம் எவற்றைக் காப்பது என்று துணிதலே உருவம் அமைப்போரின் தலையாய திறமையாகும். முகத்தை வரைபவர் ஒவ்வொரு மயிரையும் வரைவதில்லை. புருவத்தின் வளைவில் தவறினாலோ அம்முகம் வேறொருவர் முகமாகிவிடும்.

கலீபா கோபுரத்திற்கு அப்புருவம் போன்றது அதன் தரைப்படம். நடுவே அறுகோண வடிவான தண்டு ஒன்றும், அதனைத் தாங்கி மூன்று திசைகளில் நீண்ட மூன்று சிறகுகளும் அதில் உள்ளன. மேலே செல்லச் செல்லச் சிறகுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்குகின்றன. ஒரு சிறகு இங்கே நின்றால் அடுத்தது சற்று மேலே நிற்கும்; மூன்றாவது அதற்கும் மேலே நிற்கும். இவ்வாறு படிகள் திருகு போலக் கோபுரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இறுதியில் நடுத்தண்டு மட்டுமே எஞ்சி ஊசிபோல் நிமிர்கின்றது. படிகளின் முறைமை கெட்டால், 17 மீட்டர் என்ன, 170 மீட்டர் உயர்த்தினாலும் அது கலீபா கோபுரம் ஆகாது.

சிறகுகளின் முனைகள் உருண்டவை. செங்கற்களோ சதுர மூலை உடையவை. சதுரத்தால் உருண்டையைக் காட்டுவது எங்ஙனம்? மார்கழித் திங்களில் வாயிலில் புள்ளிக்கோலம் இடும் சிறுமியர் இதனை நன்கறிவர். புள்ளிகள் நேர்வரிசையில் இருப்பன. கோலமோ வளைந்து செல்லும். புள்ளிகள் மிகுதியாகவும் நெருக்கமாகவும் இருப்பின் வளைவு செவ்விதாகும், குறைவாயின் முரடாகும். அவ்வாறே கட்டக் கோடிட்ட தாளில் ஒரு வட்டத்தை வரைந்து, வட்டத்தினுள் பெரும்பகுதி அடங்கும் கட்டங்களை மட்டும் நிரப்பினால் படிக்கட்டு போன்ற ஒரு வட்டம் கிடைக்கும். அருகிலிருந்து காண்போர்க்கு அது படிக்கட்டு; பத்தடி விலகி நிற்போர்க்கு அது வட்டம். கட்டிடும் கல் சிறியதாகவும் உருவம் பெரியதாகவும் இருந்தால் வட்டம் தூய்மையாகும். உருவத்தைப் பெரிதாக அமைப்பது காண்போரை மலைக்கச் செய்வதற்கு மட்டும் அன்று; வளைவுகளைப் பிழையின்றிக் காட்டுவதற்கும் அதுவே வழி. முன்னாளில் இவ்வரைபடங்கள் கட்டத் தாளிற் கையால் எழுதப்பெற்றன. இந்நாளில் கணினி அவ்வேலையைச் செய்கின்றது. ஆயினும் கணினி தந்த படத்தைக் கண்ணாற் பார்த்துத் திருத்துபவர் மனிதரே.

வரைபடம் முடிந்தபின் அடுக்கும் வேலை தொடங்கும். இங்கே கொத்தனார் அறிந்த பழைய விதி ஒன்று அப்படியே பயன்படுகின்றது. ஒரு வரிசையில் இரண்டு கற்கள் சந்திக்கும் மூட்டின்மேல் அடுத்த வரிசையின் மூட்டு வரலாகாது. அக்கல்லின் நடுப்பகுதி அம்மூட்டை மூடுமாறு வைக்க வேண்டும். மூட்டின்மேல் மூட்டு வந்தால் சுவர் வரிசையாக அன்றித் தனித்தனித் தூண்களாக நிற்கும். சிறிது அசைத்த அளவில் இரண்டாகப் பிளக்கும். கலவை பூசிக் கட்டும் சுவருக்கே இவ்விதி இன்றியமையாதது என்றால், கலவையே இல்லாத இச்சுவருக்கு அதன் தேவையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகைய பேருருவங்கள் உள்ளே கெட்டியாகக் கட்டப்படுவதில்லை. புறச்சுவரும் அதனைத் தாங்கும் குறுக்குச் சுவர்களும் தவிர ஏனைய இடம் வெற்றிடமே. மிக உயர்ந்தவற்றின் உள்ளே இரும்புச் சட்டம் நிறுத்துவதும், பலநாள் நிற்க வேண்டியவற்றின் கற்களைப் பசையிட்டு ஒட்டுவதும் பூங்காக்களில் வழக்கம். உருவத்தைப் பல துண்டுகளாகப் பணிமனையிற் செய்து, பின்னர் உரிய இடத்திற் கொணர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவர். குழந்தைகள் பசையிடாது கட்டுவதையே விளையாட்டின் அறமாகக் கொள்வர். பெரியோர் அவ்வறத்தைக் கைவிட்டமை அவர்களுக்குச் சிறிது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் நாள்தோறும் மக்கள் வந்து செல்லும் கூடத்தில் 17 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் கழன்று விழுமாயின் அது விளையாட்டாகாது.

உயரத்தினால் வரும் மற்றொரு இடர்ப்பாடு அளவுப்பிழை. 17 மீட்டரை 9.6 மில்லிமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 1,770 வரிசைகள் ஆகும். ஒரு மீட்டர் இடைவெளியுள்ள இரு பக்கங்களுள் ஒரு பக்கத்துக் கற்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கூடுதலான உயரம் உடையவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கற்களைக் கையில் வைத்து ஒப்பிடுவோர்க்கு அவ்வேற்றுமை கண்ணிற் படாது. ஆனால் வரிசைதோறும் அது சேர்ந்துகொண்டே போகும். 1,770ஆம் வரிசையில் ஒரு பக்கம் மற்றதைவிட ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். கோபுரம் வளைந்து, உச்சி முக்கால் மீட்டர் அளவு ஒருபுறம் விலகிவிடும். அச்சில் நூற்றில் ஒரு கூறு வரை நுட்பம் பேணுவது வீண் கண்டிப்பு என்று எண்ணியவர் இக்கணக்கைக் கண்டால் அங்ஙனம் எண்ணார். கொத்தனார் பத்து வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதும், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும் இது குறித்தே. அவர் பிழையைக் கலவையின் கனத்தாற் சரிசெய்துகொள்வார். விளையாட்டுச் செங்கல்லில் கலவை இல்லை. ஆதலால் பிழையைத் திருத்த இடமும் இல்லை. கீழே ஒரு கல் தவறாயின் மேலுள்ளவற்றைப் பிரித்தே ஆக வேண்டும்.

இத்துணை உயரத்திற்கு அடுக்கினால் அடியிலுள்ள பிளாஸ்டிக்குக் கற்கள் பாரத்தால் நசுங்கிவிடாவோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். நான்கு குமிழ்களையுடைய ஒரு சிறு கல்லைப் பொறியில் வைத்து அழுத்தினர். ஏறத்தாழ 430 கிலோகிராம் பாரம் ஏறும்வரை அது தாங்கிற்று. பின்னர் வெடித்துச் சிதறாது மெல்ல உருகினாற்போல் அமுங்கிற்று. அக்கணக்கின்படி, ஒன்றன்மேல் ஒன்றாக 3,75,000 கற்களை, அதாவது மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்திற்கு, ஏற்றினால்தான் அடிக்கல் நசுங்கும். ஆயினும் அத்தகைய தூணை ஒருவரும் எழுப்ப இயலாது. நசுங்குவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே அது வளைந்து முறிந்துவிடும். 2015ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் எழுப்பிய கல்லடுக்குக் கோபுரம் 35.05 மீட்டர் உயர்ந்தது. இத்தகைய கோபுரங்களைப் பாய்மரத்திற்குக் கட்டுவதுபோல் நாற்புறமும் கயிறிழுத்துக் கட்டி நிறுத்துவது வழக்கம். உயர்ந்த பொருளுக்குப் பகை அதன் பாரமன்று, சாய்வும் காற்றுமே.

சிறியதாகச் செய்த உருவம் எளிதில் நிற்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு தூணை நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றிலும் பாதியாக்கினால் அதன் எடை எட்டில் ஒன்றாகும். பாரத்தைத் தாங்கும் அடிப்பரப்போ நான்கில் ஒன்றே ஆகும். எனவே ஒவ்வோர் அங்குலப் பரப்பின்மேலும் விழும் பாரம் பாதியாகிவிடுகின்றது. 49இல் ஒன்றாகச் சுருக்கிய உருவத்தில், அதே பொருளாற் செய்திருந்தால், அப்பாரம் 49இல் ஒன்றாகும். இவ்வுண்மையை 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இத்தாலிய அறிஞர் கலிலியோ விளக்கினார். சிற்றுயிரின் எலும்பை அதே வடிவத்தில் பெரிதாக்கினால் அது பேருயிரைத் தாங்காது. தடிப்பை மிகுவிக்க வேண்டும் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. எறும்பு தன் எடையினும் பன்மடங்கு சுமப்பதும், யானைக்குத் தூண்போன்ற கால்கள் அமைந்ததும் இவ்வொரு கணக்கிற்கே அடங்குவன. ஆகவே, விளையாட்டுச் செங்கற் கோபுரம் நின்றுவிட்டது என்பதைக் கொண்டு, அவ்வடிவிலேயே உண்மைக் கோபுரமும் நிற்கும் என்று துணிதல் கூடாது.

எனினும் சிற்றுருவத்தால் மெய்ப்பயன் இல்லை என்று எண்ணுவது தவறு. கலீபா கோபுரம் எழுவதற்கு முன்பே அதன் சிற்றுருவங்கள் எழுந்தன. கனடா நாட்டில் குவெல்ஃபு என்னும் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில், 500இல் ஒரு பங்கு அளவினவாக அவற்றைச் செய்து, நீண்ட சுரங்கம் போன்ற அறையில் நிறுத்தி, விசிறிகளாற் காற்றைச் செலுத்திச் சோதித்தனர். உயர்ந்த கட்டடத்தைக் காற்று தழுவிச் செல்லும்போது இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் தோன்றும். அச்சுழல்கள் ஒரே கால இடைவெளியில் தோன்றினால், ஊஞ்சலைக் காலமறிந்து உந்துவதுபோல் கட்டடத்தை உந்தி ஆட்டும். கோபுரத்தின் அகலம் உயரந்தோறும் மாறுமாயின் ஒவ்வோர் உயரத்திலும் சுழல்கள் வெவ்வேறு காலத்தில் தோன்றும்; அவை ஒன்றுகூடி உந்தமாட்டா. திருகுபோல் ஏறும் படிகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல என்பது இதனால் விளங்கும். இச்சோதனைகளின் பயனாகப் படிகளின் அமைப்பும் கோபுரம் நோக்கும் திசையும் திருத்தப்பெற்றன. மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள சிற்றுருவம் ஒன்றன் அசைவு, 828 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தில் பின்னாளில் வாழப்போகும் மக்களின் நலத்தைக் காத்தது. பூங்காவிலுள்ள உருவம் கட்டி முடிந்த கோபுரத்தைப் பின்பற்றியது. இவையோ கோபுரத்திற்கு முன்னோடிகள்.

எந்தச் சிற்றுருவமும் காட்டாத ஒன்றும் உண்டு. கோபுரத்தின் அடித்தளக் காரைப்பலகை 3.7 மீட்டர் கனமுடையது. அது மண்ணுக்குள் இருப்பதால் விளையாட்டு உருவத்தில் அதற்கு இடமில்லை. கோபுரத்திற்கு வேண்டிய கான்கிரீட்டு 3,30,000 கன மீட்டர். கோடைக்காலத்தில் அது விரைந்து இறுகி வெடிக்காதபடி, பனிக்கட்டி கலந்து இரவு வேளைகளில் வார்த்தனர். வேலை மிகுந்திருந்த காலத்தில் நாளொன்றுக்குப் பன்னீராயிரம் பேர் அங்கு உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தென்னாசிய நாடுகளிலிருந்து குறைந்த கூலிக்குச் சென்றவர்கள். 2006ஆம் ஆண்டில் அத்தொழிலாளர் கூலியும் நடத்தப்படும் முறையும் குறித்துக் கொதித்தெழுந்தனர். மூன்றரைச் சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மை மனிதரைக் கோபுரத்தின் வாயிலில் நிறுத்தலாம். சாரத்தின்மேல் நின்று காரை வார்த்தவரை நிறுத்த வேண்டுமென்று எவரேனும் எண்ணியிருப்பின், அவ்வுருவம் இன்னும் செவ்வையாக இருந்திருக்கும்.

இனி, தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் தம் நாட்டுக் கட்டடங்களை அதே அளவுவீதத்தில் அமைக்க விரும்புவாராயின் என்ன கிடைக்கும்? 2000ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளில் திறக்கப்பெற்ற கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு 133 அடி உயரமுடையது. அது 83 சென்டிமீட்டர் ஆகும். கல் வரிசைகள் 86 அல்லது 87 போதும். ஆனால் சிலையின் இடை நெளிவும் ஆடை மடிப்பும் உயர்த்திய கையும் சதுரக் கற்களுக்கு எளிதிற் பிடிபடா. பீடத்தை ஒரு நாளிற் கட்டியவர், கைவிரல்கள் மூன்றினைக் காட்ட ஒரு வாரம் வருந்த நேரிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரும். அது நிலைநிலையாகக் குறுகி ஏறுவதாதலின் செங்கல்லுக்கு மிகவும் இணங்கும். 17 மீட்டர்க் கோபுரத்தின் அருகே வைத்தால் இரண்டும் அதன் காலடியில் நிற்கும் பிள்ளைகள் போலத் தோன்றும்.

பெருமுக்கற் குன்றின்மேலுள்ள கோயிலைச் செய்யப் புகுவோர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. கோயில் மண்டபத்துத் தூண் ஒன்று எட்டடி உயரம் உடையது என்று கொண்டால், இவ்வளவுவீதத்தில் அது ஐந்து சென்டிமீட்டர், அதாவது ஐந்து கற்களின் உயரமே ஆகும். அத்தூணில் ஒரு சாண் அகலமுள்ள தாமரை செதுக்கப்பட்டிருந்தால் அது நான்கரை மில்லிமீட்டராகச் சுருங்கி, ஒரே ஒரு குமிழுக்குள் அடங்கிவிடும். இதழ் இல்லாத தாமரையாக அக்குமிழையே விட்டுவிடுவது ஒரு வழி. அன்றேல், அளவுவீதத்தைப் பத்தில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். அப்பொழுது தூண் 25 வரிசைகளாக உயரும். தாமரைக்கு மூன்று குமிழ்களுக்குக் குறையாத அகலம் கிடைக்கும். கற்களின் தொகையோ நூறு மடங்குக்கு மேற்பட்டுவிடும். பள்ளியில் உள்ள பெட்டியில் எத்தனை கற்கள் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்த்தே அவர் தம் அளவைத் துணிய வேண்டியிருக்கும்.